காயைத் தொடும் முன்

சதுரங்கப் புதிர் ஒன்றைத் தீர்த்துவிட்டேன் என்று எப்போது சொல்லலாம்? முதல் நகர்வைக் கண்டுபிடித்தவுடன் சொல்லலாம் என்பது உங்களுள் பலருடைய எண்ணம். அந்த நகர்வுக்கு எதிராளி தரக்கூடிய பதில்கள் அனைத்தையும் கண்டு, ஒவ்வொன்றுக்கும் நம் மறுமொழியையும் கண்டு, இறுதிவரை மனத்துக்குள்ளேயே ஆடி முடித்த பிறகே அவ்வாறு சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. புதிர்களை விரைவாகவும் எண்ணற்றும் தீர்ப்பதே பயிற்சி என்று நம்பும் மாணவர்களோடு எனக்குள்ள கருத்து வேறுபாடு இதுதான்.

வாதத்தைத் தொடங்கும் முன் காய்களின் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். விளையாட்டுத் திடலில் நீங்கள் இந்திப் பெயர்களைச் சொல்லியே ஆடுகிறீர்கள். அதில் தவறில்லை, ஆனால் தமிழில் எழுதும்போது குழப்பம் வரும். இந்தியில் ‘வஜீர்’ எனப்படும் காய் தமிழில் அரசி. வஜீர் என்றால் மந்திரிதானே என்று மொழிபெயர்த்துவிட்டால் வேறொரு காய் நகர்ந்துவிடும். தமிழில் மந்திரி என்பது மூலைவிட்டமாகச் செல்லும் காய்; அதை இந்தியில் ஒட்டகம் என்பார்கள். யானையும் குதிரையும் இரு மொழிகளிலும் யானையும் குதிரையுமே. யானையைக் கோட்டை என்று சொல்வோரும் தமிழ்நாட்டில் உண்டு. முன்வரிசையில் நிற்பவர்கள் சிப்பாய்கள். அரசனைத் தாக்குவது முற்றுகை. அரசன் தப்ப வழியே இல்லாதபோது அது இறுதி முற்றுகை. கட்டங்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரியும்: இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை, வெள்ளையின் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரை.

இப்போது பலகையை எடுத்து இந்த நிலையை அடுக்குங்கள். வெள்ளை அரசன் ஜி1 கட்டத்தில் நிற்கிறான். அவனுக்கு முன்னால் எஃப்2, ஜி2, எச்2 ஆகியவற்றில் மூன்று சிப்பாய்கள். வெள்ளை அரசி சி4 கட்டத்திலும் வெள்ளைக் குதிரை எச்6 கட்டத்திலும் உள்ளன. கறுப்பு அரசன் எச்8 என்னும் மூலையில் இருக்கிறான். அவனுக்கு அருகில் ஜி7, எச்7 கட்டங்களில் இரு சிப்பாய்கள். கறுப்பு யானை ஏ8 கட்டத்தில். கறுப்பு அரசி பி2 கட்டத்தில். வெள்ளையின் முறை. இரண்டு நகர்வுகளில் இறுதி முற்றுகை இட வேண்டும். மேலே படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு யோசியுங்கள். கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரக்காரருக்கு முதலில் கண்ணில் படுவது அரசியை எஃப்7 கட்டத்தில் வைப்பது. எதிரி அரசனை நெருங்குகிறோம், அச்சுறுத்துகிறோம் என்ற மகிழ்ச்சி அதில் உண்டு. ஆனால் பதில் என்ன? கறுப்பு அரசி பி2 கட்டத்திலிருந்து பி1 கட்டத்துக்கு இறங்குகிறாள். வெள்ளை அரசனுக்கு முன்னால் அவனுடைய சிப்பாய்களே மதிலாக நிற்கிறார்கள். முதல் வரிசையில் குறுக்கே வந்து தடுக்க எவரும் இல்லை. ஆட்டம் முடிந்தது, தோற்றது வெள்ளை. சி4 கட்டத்திலேயே அரசி நின்றிருந்தால் எஃப்1 கட்டத்துக்குத் திரும்பித் தடுத்திருப்பாள். வெற்றியைத் தேடிச் சென்றவள் வீட்டைத் திறந்து போட்டுவிட்டாள்.

இன்னும் சிலர் குதிரையை எஃப்7 கட்டத்தில் வைத்து முற்றுகையிடுவார்கள். அரசன் ஜி8 கட்டத்துக்கு ஒதுங்குவான். இதில் உடனடி இழப்பு இல்லை. ஆனால் இரண்டு நகர்வுகளில் முடியாது.

விடை, அரசியை ஜி8 கட்டத்தில் வைப்பது. எதிரி அரசனுக்கு ஒட்டினாற்போல், யானையின் வாயில். கறுப்பு அரசன் அவளை வெட்ட முடியாது. எச்6 கட்டத்துக் குதிரை அந்தக் கட்டத்தைக் காத்து நிற்கிறது. ஒதுங்கவும் இடமில்லை. எனவே யானை வெட்டியே ஆக வேண்டும். வெட்டிய யானை ஜி8 கட்டத்தில் வந்து நிற்கிறது. அரசனுக்கு எஞ்சியிருந்த ஒரே வாயிலும் அடைபடுகிறது. இப்போது குதிரை எஃப்7 கட்டத்துக்குத் தாவ, இறுதி முற்றுகை. குதிரையின் தாக்குதலை இடையில் காய் வைத்துத் தடுக்க முடியாது. அரசனைச் சிறைப்படுத்தியவர்கள் அவனுடைய யானையும் சிப்பாய்களுமே. ஐரோப்பாவில் 1497-இல் லூசெனா என்னும் ஸ்பெயின் நாட்டவர் வெளியிட்ட சதுரங்க நூலிலேயே இந்த உத்தி காணப்படுகிறது. ஆனால் அதற்கு வழங்கும் பெயரோ, 1726-இல் பிறந்த பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோரின் பெயர். கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர். இலக்கிய வரலாற்றிலும் இப்படி உண்டு.

இந்தப் புதிரில் அரசியைத் தியாகம் செய்வதே அழகு என்று மாணவர்கள் சொல்வார்கள். எனக்கு அழகாகத் தெரிவது மற்றொன்று. மூன்று வழிகளையும் சோதித்தபோது, ஒவ்வொரு முறையும் நாம் கேட்ட கேள்வி ‘நான் என்ன செய்வேன்?’ என்பதன்று; ‘அவன் என்ன செய்வான்?’ என்பது. முதல் வழி தோற்றதும், இரண்டாம் வழி நீண்டதும், மூன்றாம் வழி வென்றதும் கறுப்பின் பதிலால்தான் நமக்குத் தெரிந்தன. ஆகவே எதிராளியின் பதிலைக் காணாதவர் பாதிப் புதிரைக்கூடத் தீர்க்கவில்லை.

கைப்பேசிச் செயலிகளில் இந்தப் பாதியைத்தான் நீங்கள் இழக்கிறீர்கள். அங்கே நடப்பதைக் கவனியுங்கள். ஒரு நிலை தோன்றுகிறது. நீங்கள் ஒரு காயை இழுத்து வைக்கிறீர்கள். சரியென்றால் பச்சை நிறம். உடனே எதிராளியின் பதிலைச் செயலியே ஆடிக் காட்டுகிறது. அடுத்ததை நீங்கள் ஆடுகிறீர்கள். அதாவது, புதிரின் கடினமான பகுதியான எதிராளியின் பதிலைக் கண்டுபிடிக்கும் வேலையை இயந்திரம் செய்துவிடுகிறது. உங்களுக்கு விடப்பட்டவை சிறு சிறு ஊகங்கள். தவறென்றால் சிவப்பு நிறம் காட்டி, சில புள்ளிகளைக் குறைத்து, அடுத்த புதிருக்கு அழைத்துச் செல்கிறது. ‘அரசியைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்’ என்று என்னிடமே ஒரு மாணவர் விளக்கியிருக்கிறார். அவர் சொன்னது உண்மைதான். புதிர்களில் அரசியைப் பலியிடும் விடைகள் மிகுதி. ஆனால் அது புதிர் அமைப்பவர்களின் மனத்தைப் படிப்பது, பலகையைப் படிப்பதன்று.

செயலிகள் வேண்டா என்று நான் சொல்லவில்லை. பெற்றோர் இடமாறுதலில் ஊர் ஊராகச் செல்லும் உங்களுக்கு ஓரிடத்தில் நிலையான பயிற்சியாளர் வாய்ப்பது அரிது. கைப்பேசி எந்த ஊருக்கும் உடன் வரும். வழங்கப்படும் புதிர்களும் பெரும்பாலும் உண்மையான ஆட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டவை, தரமானவை. எனக்குள்ள மனக்குறை, விடையளிக்கும் முறை குறித்தது மட்டுமே.

ஊர் மாறிச் சென்ற ஒரு சிறுவரின் கதை இங்கே பொருந்தும். அவர் விசுவநாதன் ஆனந்த். 1969-இல் மயிலாடுதுறையில் பிறந்தவர். ஆறு வயதில் தாயிடம் சதுரங்கம் கற்றவர். தந்தை இரயில்வே அதிகாரி. அவருடைய பணியின் பொருட்டு, 1970-களின் இறுதியில் குடும்பம் சில காலம் பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரான மணிலாவில் வாழ்ந்தது. அந்நாட்டுத் தொலைக்காட்சியில் பகல் நேரத்தில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று ஒளிபரப்பானது. அதன் முடிவில் ஒரு புதிர் வைப்பார்கள். அந்நேரம் ஆனந்த் பள்ளியில் இருப்பார். தாய் சுசீலா, நிகழ்ச்சியைப் பார்த்து ஆட்டங்களையும் புதிரையும் தாளில் குறித்து வைப்பார். மாலையில் மகன் வந்ததும் இருவரும் சேர்ந்து தீர்ப்பார்கள். விடையை அஞ்சலில் அனுப்புவார்கள். சரியான விடைக்குப் பரிசு ஒரு நூல். இவர்கள் தொடர்ந்து பரிசு பெற்றதால், வேண்டிய நூல்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று நிகழ்ச்சியினரே சிறுவரிடம் சொல்லும் நிலை வந்தது. இதை ஆனந்த் பல நேர்காணல்களில் சிரித்தபடியே கூறியிருக்கிறார். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவரும், பின்னர் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவரும் அவரே.

இக்கதையைச் சொல்பவர்கள் வழக்கமாகத் தாயின் பாசத்தையும் மகனின் திறமையையும் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் நிற்கும் இடம் அஞ்சல் உறை. உறைக்குள் வைத்த விடைக்குப் பச்சை நிறமோ சிவப்பு நிறமோ இல்லை. முதல் நகர்வை மட்டும் எழுதிப் போட்டுவிட்டு, எதிராளியின் பதில் வரட்டும் என்று காத்திருக்க முடியாது. ஒட்டுவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அந்தச் சிறுவருக்கு மாலைதோறும் கிடைத்த பயிற்சி அதுதான். வேறொரு செய்தியும் உண்டு: நிகழ்ச்சியை நேரில் பாராமல், தாய் எழுதிய குறிப்பைப் பார்த்தே அவர் புதிரை அணுகினார். குறிப்பு தவறாக இருந்தால் புதிரே தவறாகிவிடும். எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் அவ்வளவு கவனம் தேவைப்பட்டது.

முழு விடையை எழுதித் தருவது பழைய காலத்து வழக்கம் மட்டுமன்று. 1977 முதல் நடந்துவரும் உலகச் சதுரங்கப் புதிர் தீர்க்கும் போட்டியில் இன்றும் விடைகளைத் தாளில் எழுதியே தருகிறார்கள். குறித்த நேரத்துக்குள், எதிராளியின் முக்கியமான பதில்களையும் எழுத வேண்டும்.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சதுரங்கத் திறன் என்பது பெரும்பாலும் நினைவிலுள்ள வடிவங்களே என்பது அவ்வாதம். 1973-இல் அமெரிக்க உளவியலாளர்களான சேசும் சைமனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டத்தில் தோன்றிய நிலை ஒன்றைச் சில நொடிகள் மட்டும் காட்டி மறைத்தபோது, தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிட மிக நன்றாக அதைத் திரும்ப அடுக்கினார். அதே காய்களை முறையின்றி இறைத்து வைத்துக் காட்டியபோது, அவருடைய மேன்மை ஏறத்தாழ மறைந்துவிட்டது. தேர்ந்தவரிடம் இருப்பது பொதுவான நினைவாற்றல் அன்று; பொருளுள்ள வடிவங்களின் களஞ்சியம். அப்படியானால் ஆயிரக்கணக்கில் புதிர்களைப் பார்ப்பதுதானே வழி என்று கேட்கலாம். அங்கேரி நாட்டின் லாஸ்லோ போல்கர், மூன்று மகள்களைச் சதுரங்கத்தில் வளர்த்தவர், 1994-இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே 5334 என்ற எண் இருக்கிறது. அவற்றுள் மிகப் பெரும்பகுதி இரண்டு நகர்வில் முடியும் எளிய புதிர்கள்.

எண்ணிக்கைக்கு இடம் உண்டு என்பதை ஏற்கிறேன். ஒரு நகர்வு, இரண்டு நகர்வுப் புதிர்களை விரைந்து செய்வது வாய்ப்பாடு ஒப்புவிப்பதைப் போன்றது, செய்யத்தான் வேண்டும். ஆனால் களஞ்சியத்தில் சேர்வது எது என்று பாருங்கள். ஊகித்துத் தப்பிய விடையிலிருந்து ‘அரசியைக் கொடு’ என்பது மட்டுமே சேர்கிறது. ‘குதிரை காக்கிறது, யானை வெட்டியாக வேண்டும், வாயில் அடைபடும்’ என்ற காரணங்கள் சேர்வதில்லை. எச்6 கட்டத்தில் குதிரை இல்லாத ஒரு நாளில் அதே மாணவர் அரசியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பார். வகுப்பில் இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

புதிருக்கும் ஆட்டத்துக்கும் வேறொரு வேறுபாடும் இருக்கிறது. அது இன்னும் ஆழமானது. புதிரின் தலைப்பிலேயே ‘வெள்ளை ஆடி வெல்லும்’ என்று எழுதியிருக்கிறது. ஆட்டத்தில் அப்படி எவரும் எழுதி வைப்பதில்லை.

2024 டிசம்பர் 12-ஆம் நாள், சிங்கப்பூர். உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது, இறுதி ஆட்டம். சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது குகேசும் சீன நாட்டின் டிங் லிரேனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளிகளோடு சமநிலையில் இருந்தார்கள். குகேசிடம் கறுப்புக் காய்கள். அவருக்கு ஒரு சிப்பாய் மிகுதி; ஆயினும் ஆட்டம் சமனில் முடியும் என்றே பார்ப்பவர்கள் எண்ணினார்கள். இரு பக்கமும் ஒரு யானை, ஒரு மந்திரி. ஐம்பத்தைந்தாவது நகர்வில் டிங் தம் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். அமைதியான, பாதுகாப்பான நகர்வாகத்தான் தோன்றியது. ஆனால் அவருடைய மந்திரி அப்போது ஏ8 என்னும் மூலையில் இருந்தது. மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஒரே ஒரு மூலைவிட்டப் பாதைதான் உண்டு. குகேசு முதலில் யானைகளை மாற்றிக்கொண்டார். அடுத்துத் தம் மந்திரியை அந்த ஒரே பாதையின் நடுவில், டி5 கட்டத்தில் வைத்தார். வெள்ளை மந்திரி விலகித் தப்ப வழியில்லை. மந்திரிகளும் மாறின. எஞ்சியவை அரசர்களும் சிப்பாய்களும். அந்த மிகுதியான ஒரு சிப்பாய் இப்போது போதுமானதாயிற்று. ஐம்பத்தெட்டாவது நகர்வுக்குப் பின் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இதைப் புதிராகத் தந்தால் உங்களுள் பாதிப் பேர் ஒரு நிமிடத்தில் விடை சொல்லிவிடுவீர்கள். ‘கறுப்பு ஆடி வெல்லும்’ என்ற மூன்று சொற்கள் தரும் உதவி அவ்வளவு பெரிது. அன்று அச்சொற்கள் பலகையில் இல்லை. நான்கு மணி நேரமாக ஆடிக் களைத்த நிலையில், எதிராளி வைத்த ஒவ்வொரு நகர்வையும் ‘இதனால் என்ன மாறியது?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தவருக்கு மட்டுமே அது தெரிந்திருக்கும். குகேசே அந்நகர்வின் பிழையை முதல் பார்வையில் உணரவில்லை என்று ஆட்டம் முடிந்தபின் கூறினார், வேறொன்றை ஆடவிருந்தார். கையை நீட்டும் முன் மறுபடி பார்த்தார்.

ஆகவே என் வகுப்பில் புதிர் தருவதற்குச் சில பழக்கங்களை வைத்திருக்கிறேன். நூல்களில் புதிர்களை ‘இரட்டைத் தாக்குதல்’, ‘காயைக் கட்டிப்போடுதல்’ என்று தலைப்பிட்டுத் தொகுத்திருப்பார்கள்; அத்தலைப்புகளை மறைத்துவிடுகிறேன். யார் வெல்வார் என்பதையும் சொல்வதில்லை. ஐந்து நிலைகள் தந்தால் அவற்றுள் இரண்டில் எந்த அற்புதமும் இருக்காது. தாக்கப்பட்ட குதிரையை விலக்கி வைப்பதே அங்கே சிறந்த நகர்வு. முதல் சில வாரங்கள் மாணவர்கள் அந்த இரண்டிலும் அரசியைப் பலியிடுவார்கள். பின்னர் நிறுத்திவிடுகிறார்கள். வாரத்துக்கு ஐந்து, அதற்கு மேல் தருவதில்லை. பெற்றோர் சிலருக்கு இது குறைவாகத் தோன்றுகிறது. ஒரு பக்கம் முழுக்க எழுதப்பட்ட ஒரே விடையைக் காட்டியதும் பெரும்பாலும் அமைதியாகிவிடுகிறார்கள்.

விடையைத் தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் நான் தமிழாசிரியன் என்பது மட்டுமன்று. முற்றுகைக்கு விடை மூன்றே வழிகளில்தான் வர முடியும்: தாக்கும் காயை வெட்டலாம், இடையில் காய் வைத்து மறைக்கலாம், அரசனை விலக்கலாம். தமிழில் எழுதும்போது இவை ‘வெட்டினால்’, ‘மறைத்தால்’, ‘விலகினால்’ என்று தனித்தனியாக வந்து நிற்கும். ‘வெட்டினால்’ என்று எழுதிய கை, ‘விலகினால்?’ என்று கேட்காமல் இருப்பது கடினம். இலக்கணப் பாடத்தில் நிபந்தனை எச்சத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் மழையையும் குடையையும் தவிர வேறொன்றும் தோன்றாத உங்களுக்கு, இங்கே ஒரு புதிருக்குப் பத்து எடுத்துக்காட்டுகள் கிடைக்கும். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத வாய்ப்பில்லாத உங்களுக்கு எழுதுவதற்கு ஒரு பொருளும் கிடைக்கும்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு நிலை. 1921-இல் ரிச்சர்டு ரெட்டி என்னும் செக்கோஸ்லோவாக்கிய ஆட்டக்காரர் அமைத்தது; பலகையில் நான்கே காய்கள். வெள்ளை அரசன் எச்8 கட்டத்தில். வெள்ளைச் சிப்பாய் சி6 கட்டத்தில். கறுப்பு அரசன் ஏ6 கட்டத்தில். கறுப்புச் சிப்பாய் எச்5 கட்டத்தில், கீழ்நோக்கி ஓடத் தயாராக. வெள்ளையின் முறை. கறுப்புச் சிப்பாயை வெள்ளை அரசன் துரத்திப் பிடிக்க முடியாது, எண்ணிப் பாருங்கள். தன் சிப்பாயைக் காக்கவும் அவன் வெகு தொலைவில் இருக்கிறான். ஆயினும் வெள்ளை தோற்காமல் சமன் செய்ய வழி உண்டு. இம்முறை மட்டும் முடிவைச் சொல்லிவிட்டேன், சொல்லாவிட்டால் நம்பமாட்டீர்கள். அரசன் நேராகச் செல்வதற்கும் மூலைவிட்டமாகச் செல்வதற்கும் ஆகும் நகர்வுகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, கறுப்பின் ஒவ்வொரு பதிலுக்கும் தனி வரி விட்டு, குறிப்பேட்டில் எழுதி வெள்ளிக்கிழமை கொண்டுவாருங்கள். வீட்டில் எவரேனும் உடன் அமர்ந்து யோசித்தால் அவர்கள் பெயரையும் கீழே எழுதலாம்.